1943 பி38 கைக்கு வந்திருக்கு: சுடுறதுக்கு முன்னாடி எங்கெல்லாம் பார்க்கணும்?

#1 பெட்டிக்கடை_ராஜா (டெக்சாஸ்)

வணக்கம் மக்களே. நாலு வருஷமா இங்க வாசிச்சிட்டு மட்டும் இருந்தவன். இன்னிக்குத்தான் எழுத ஒரு சாக்கு கிடைச்சிருக்கு.

போன வாரம் ஒரு கன் ஷோவுல வால்தர் பி38 ஒண்ணு (ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் ராணுவம் வெச்சிருந்த பிஸ்டல்) வாங்கிட்டேன். ஸ்லைடோட இடது பக்கம் "ஏசி" (வால்தர் தொழிற்சாலையோட ரகசியக் குறி), அதுக்குக் கீழ 43. எண்பது வருஷத்துக்கு மேல ஆன பொருள்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க, புளூயிங் (துரு பிடிக்காம இருக்க இரும்புக்கு ஏத்துற கருநீலப் பூச்சு) அப்படி மின்னுது. பேக்லைட் பிடியில ஒரு கீறல் இல்ல. வித்தவர் தாத்தா நார்மண்டியில ஒரு ஜெர்மன் அதிகாரிகிட்ட இருந்து எடுத்துட்டு வந்ததாம். அந்தக் கதைக்கே தனியா காசு குடுத்தேன்னு வீட்டம்மா சொல்றா.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போறேன். ஒரு பெட்டி 9 மிமீ வாங்கி வெச்சாச்சு. துடைச்சு எண்ணெய் போட்டா போதுமா, வேற ஏதாவது பார்க்கணுமா?

#2 பழைய_இரும்பு (ஒஹையோ)

சனிக்கிழமை போகாதீங்க.

முதல்ல மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. ஸ்லைடு, ஃப்ரேம், பேரல் மூணுலயும் ஒரே நம்பரா? பேரலுக்கு அடியில தொங்குற லாக்கிங் பிளாக்குல என்ன நம்பர்? ஃப்ரேமோட இடது பக்கம், பிடிக்கு மேல, சின்னதா பெருக்கல் குறி மாதிரி ஏதாவது அடிச்சிருக்கா?

#3 பெட்டிக்கடை_ராஜா

கழட்டிப் பார்த்தேன். ஃப்ரேம்ல ஒரு நம்பர், ஸ்லைடுல வேற நம்பர். அந்த ஸ்லைடு நம்பரை ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துலயே ஃப்ரேம் நம்பரை யாரோ கையால கிறுக்கின மாதிரி எழுதியிருக்கு. லாக்கிங் பிளாக்குல இருக்கிற மூணு இலக்கம் ரெண்டோடயும் ஒத்துப்போகல.

ஆமா, பெருக்கல் குறி இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?

#4 பழைய_இரும்பு

அர்த்தம் என்னன்னா, தாத்தா கதை காலி.

போர் முடிஞ்சப்போ சோவியத் செஞ்சேனை லட்சக்கணக்குல ஜெர்மன் ஆயுதங்களைக் கைப்பற்றிச்சு. எல்லாத்தையும் கழட்டி, பாகங்களைக் குவியல் குவியலாப் போட்டு, கையில அகப்பட்டதை வெச்சுத் திரும்பப் பூட்டி, மொத்தமா புளூயிங் தொட்டியில முக்கி எடுத்துக் கிடங்குல போட்டாங்க. அந்தப் பெருக்கல் குறியும், அடிச்சு எழுதின நம்பரும் அதோட கைநாட்டு. சோவியத் ஒன்றியம் உடைஞ்ச பிறகு இதெல்லாம் மேற்கே விற்பனைக்கு வந்துச்சு. நார்மண்டியில இருந்து யாரும் பையில போட்டுக்கிட்டு வந்ததில்ல.

வருத்தப்படாதீங்க, இதுல ஒரு லாபம் இருக்கு. எல்லா நம்பரும் ஒத்துப்போற பி38-ஆ இருந்திருந்தா "சுடாதீங்க, அலமாரியில வைங்க"ன்னு சொல்லியிருப்பேன். அதுல ஒரு எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கேஸை இழுத்து எடுக்கிற கொக்கி) உடைஞ்சாலும் மதிப்பு பாதியா விழும். உங்களோடது ஏற்கெனவே பல வீட்டுப் பாகங்கள் சேர்ந்த கூட்டுக்குடும்பம். எதை வேணும்னாலும் மாத்தலாம், மனசு உறுத்தாது.

ஆனா அந்தப் பளபளப்பு இருக்கே, அதை மறந்துடுங்க. புளூயிங் தேய்மானத்தைக் காட்டாது, மறைக்கும். தொட்டியில முக்கினவன் உள்ள இருக்கிற ஸ்பிரிங்கை மாத்தினானா, விரிசல் பார்த்தானா? அவன் வேலை துரு பிடிக்காம கிடங்குல வைக்கிறது மட்டும்தான்.

இப்ப ஒவ்வொண்ணா வருவோம். மேசையில ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது. அந்தப் பெட்டியைப் பக்கத்து ரூம்ல வெச்சுக் கதவைச் சாத்திட்டு வாங்க. மேகசினை எடுங்க, ஸ்லைடை இழுங்க, சேம்பரை (பேரலோட பின்பக்கம் தோட்டா உட்கார்ற இடம்) கண்ணால பாருங்க, சுண்டு விரலை விட்டும் பாருங்க.

பி38-க்கு உயிர்நாடி லாக்கிங் பிளாக். சுடும்போது பேரலையும் ஸ்லைடையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது அதுதான். ரெண்டும் கொஞ்ச தூரம் ஒண்ணாப் பின்னால வந்ததும் பிளாக் கீழ சாயும், ஸ்லைடு விடுபட்டுத் தனியாப் போகும். பேரலுக்குப் பின்னால துருத்திக்கிட்டு இருக்கிற சின்னப் பின்னை அழுத்தினா பிளாக் கீழ தொங்கும், கையோட கழட்டிடலாம். அந்தப் பின் சிக்காம வழுக்கிப் போகணும்.

பிளாக்குக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி இறக்கை இருக்கும். விரிசல் பிறக்கிறது அந்த இறக்கை உடம்போட சேர்ற மூலையில. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நகைக்கடையில கல்லு பார்க்கிற லூப் வாங்குங்க, பத்து மடங்கு போதும். பிளாக்கைப் பெட்ரோல்ல அலசிக் காய வெச்சு, சாய்வா வெளிச்சம் விழுற மாதிரி திருப்பித் திருப்பிப் பாருங்க. முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் அதை வெச்சுச் சுடாதீங்க. சந்தேகம்னா வெல்டிங் பட்டறைகள்ல விரிசல் பார்க்கிற சிவப்புச் சாயம் கிடைக்கும், தடவித் துடைச்சா விரிசல் தானே காட்டிக்கொடுக்கும். ஸ்லைடுக்குள்ள இந்த இறக்கை போய் உட்கார்ற பள்ளத்தையும் அதே மாதிரி பாருங்க. பள்ளத்தோட விளிம்பு நசுங்கி உருண்டிருந்தா பிளாக் சரியா உட்காராம ரொம்ப நாள் ஓடியிருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது, ஸ்லைடு மேல பின்பக்கம் இருக்கிற மெல்லிய தகட்டு மூடி. லொடலொடன்னு இருந்தா சுடும்போது பறந்து போயிடும், பின் சைட்டும் சேர்ந்து போகும். ரேஞ்சுல மண்ணைச் சலிச்சுத் தேடினவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு பேர். அதுல ஒருத்தன் நான்.

சேஃப்டி லீவரைப் பத்தித் தனியா எழுதணும். அதுதான் பெரிய விஷயம். சாயங்காலம் வர்றேன்.

#5 வேலூர்_ஆர்மரர்

தம்பிகளுக்கு வணக்கம். பட்டாளத்தில் இ.எம்.இ. பிரிவில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். பி38 நான் தொட்டதில்லை. எங்கள் கையில் புழங்கியது இஷாப்பூர் 9 மிமீ 1ஏ, அதற்கு முந்திய காலத்து வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்கள். ஆனால் இரும்பு எல்லா நாட்டிலும் இரும்புதான்.

மாடு வாங்கப் போகிறவன் தோலைப் பார்த்தா வாங்குவான்? பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பான். துப்பாக்கிக்குப் பல் என்பது அதன் ஸ்பிரிங்குகள். பழசை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம், வாங்கியவுடன் எல்லாவற்றையும் மாற்றி விடுங்கள். பி38-இல் ஃப்ரேமுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரீகாயில் ஸ்பிரிங் இருப்பதாகப் படத்தில் பார்த்தேன். இரண்டையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்றால் அது எவ்வளவு உழைத்திருக்கிறது என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஃப்ரேமில் சம்மட்டி போலப் போய் மோதும். விரிசலுக்கு அதுவே பாதை.

நடக்கவிட்டுப் பார்ப்பது இப்படி. காலித் துப்பாக்கியில் ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) முழுதாக ஏற்றுங்கள். விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு, ஹேமரைப் பின்னாலிருந்து கட்டை விரலால் நன்றாக முன்னுக்குத் தள்ளுங்கள். அது விழுந்தால், ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் தேய்ந்துவிட்டது, அந்தத் துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். பிறகு ட்ரிகரை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டே ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமர் ஏறி நிற்க வேண்டும். ட்ரிகரை விட்டு மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும். ஸ்லைடோடு சேர்ந்து ஹேமரும் பின்தொடர்ந்து வந்தால், நிறைந்த மேகசினோடு அது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேரலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் எப்போதோ ஒரு குண்டு நடுவில் சிக்கி, அடுத்தது அதன் மேல் போய் மோதியிருக்கிறது. வெளியே விரலால் தடவினால் அந்த இடத்தில் லேசான வீக்கம் தட்டுப்படும். வீங்கிய பேரலுக்கு வைத்தியம் கிடையாது.

புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் அது வேறு. அந்தக் காலத் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் எரிந்ததும் உப்பு தங்கும், அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அன்றன்றைக்கு வெந்நீர் ஊற்றிக் கழுவாத பேரலெல்லாம் அப்படித்தான் இருக்கும். லேசான அரிப்பென்றால் குறி கொஞ்சம் தப்பும், ஆபத்தில்லை.

#6 பேர்ண்_குமரன் (சுவிஸ்)

ஐயா சொன்ன ஸ்பிரிங் கதை நூற்றுக்கு நூறு சரி. என்னட்ட இருக்கிறது லூகர் எண்ட பழைய பிஸ்டல், 06/29 மொடல், பேர்ண் ஆயுதத் தொழிற்சாலையில செய்தது, 7.65 பரபெல்லம். உலகத்திலயே லூகரை முதல்ல இராணுவத்துக்கு எடுத்தது சுவிஸ்தான், 1900இல. எனக்கு இஞ்ச குடியுரிமை கிடைச்சாப் பிறகுதான் வாங்கினனான். இலங்கைக் கடவுச்சீட்டோட இருக்கிற ஆக்களுக்கு இஞ்ச ஆயுதம் வாங்க ஏலாது, சட்டத்தில நாடுகளின்ர பட்டியலே போட்டிருக்கு.

லூகர் பார்க்கிற ஆக்களுக்கு ரெண்டு விசயம். முதலாவது, சியர் ஃப்ரேமுக்குள்ள இல்லை, பேரலோட சேர்ந்த பகுதியின்ர வெளிப்பக்கத்தில இருக்கு. பக்கத்துத் தகட்டைக் கழட்டி வச்சிட்டாலும், ட்ரிகரே இல்லாமல், அந்தச் சியர் தண்டைத் தட்டினால் உள்ளுக்க இருக்கிற தோட்டா வெடிக்கும். கழட்ட முன்னம் சேம்பரை ரெண்டு தரம் பாருங்கோ. இரண்டாவது, முழங்கால் மாதிரி மடங்கிற பகுதியைப் பிணைக்கிற ஊசிகள். ஊசி தேய்ஞ்சு துளை நீள்வட்டமாப் போயிருந்தால் பூட்டு இறுக்கமா நிக்காது.

என்ர துப்பாக்கியில சின்னச் சின்னப் பாகத்திலயும் நம்பர் ஒத்துப்போகுது. அதாலதான் எக்ஸ்ட்ராக்டரையும் தோட்டாவைக் குத்திற ஃபயரிங் பின்னையும் கழட்டி ஒரு உறையில போட்டு, புதுசு வாங்கிப் பூட்டிச் சுடுறனான். உடைஞ்சால் புதுசு உடையட்டும். ராஜா அண்ணைக்கு அந்தக் கவலை இல்லை, குடுத்து வச்சவர்.

#7 பழைய_இரும்பு

வந்துட்டேன். குமரன் சொன்ன மாற்றுப் பாக யுக்தி அருமை, எல்லாரும் குறிச்சு வைங்க.

சேஃப்டி. பி38-ல லீவரைக் கீழ அழுத்தினா ரெண்டு வேலை நடக்கணும். முதல்ல ஸ்லைடுக்குள்ள இருக்கிற உருளை திரும்பி ஃபயரிங் பின்னைப் பூட்டணும். அதுக்கப்புறம்தான் ஹேமர் விடுபட்டு விழணும். ஹேமர் விழுந்து அடிக்கிறது பூட்டின பின் மேல, அதனால ஒண்ணும் ஆகாது. காகிதத்துல அழகு. ஆனா போர்க்காலத்துல அவசர அவசரமா செஞ்ச உருளைகள் சிலது தேய்ஞ்சும், உள்ளுக்குள்ள விரிஞ்சும் போயிருக்கு. அப்போ சேஃப்டி போடுறேன்னு லீவரை அழுத்தினா துப்பாக்கி சுடும். ஹேமர் தங்க இடமில்லாததால மேகசின் காலியாகிற வரைக்கும் சுட்டுக்கிட்டே போன சம்பவங்களும் உண்டு. சேஃப்டியைப் போடும்போது எவன் கெட்டியாப் பிடிச்சிருப்பான்?

இதுக்கு ஒரு பென்சில் போதும். ரப்பர் வெச்ச பென்சிலை ரப்பர் பக்கம் உள்ள போற மாதிரி காலிப் பேரலுக்குள்ள விடுங்க. முனை மேல பார்த்து இருக்கட்டும், உங்க முகம் தள்ளி இருக்கட்டும். ஹேமரை ஏத்தி ட்ரிகரை அழுத்துங்க. பென்சில் துள்ளும், அது சரி. திரும்ப உள்ள விட்டு, ஹேமரை ஏத்தி, இந்தத் தடவை சேஃப்டி லீவரை அழுத்தி ஹேமரை விழ வைங்க. பென்சில் அசையவே கூடாது. லேசா நடுங்கினா கூட அந்த உருளை குப்பைக்கு. ஒரு தடவை இல்ல, பத்து தடவை பண்ணுங்க.

பென்சில் அசையலைன்னாலும் என் சொந்த விதி: தோட்டா இருக்கும்போது போர்க்கால பி38-ல அந்த லீவரைத் தொடவே மாட்டேன். நிறுத்தணும்னா மேகசினை எடுத்துட்டு, சேம்பர்ல இருக்கிறதை இழுத்து வெளிய தள்ளிடுவேன்.

#8 சின்ன_சேலம் (நியூ ஜெர்சி)

இவ்வளவு பயப்பட்டா எதுக்குச் சுடணும்? என் 1911 (அமெரிக்க ராணுவத்தோட பழைய .45 பிஸ்டல்) முதல் உலகப் போர் காலத்தது, வாங்கின அன்னிக்கே அம்பது ரவுண்டு சுட்டேன், ஒண்ணும் ஆகல. அந்தக் காலத்து ஸ்டீல் இப்ப வருமா?

#9 பழைய_இரும்பு

"அந்தக் காலத்து ஸ்டீல்"னு இன்னொரு தடவை கேட்டா அழுதுடுவேன். முதல் உலகப் போர் காலத்து 1911 ஸ்லைடுகள் இன்னிக்கு அளவுக்குப் பதம் ஏத்தாதவை, மிருது. ரெண்டாம் போர் சமயத்துலதான் ஸ்லைடோட குறிப்பிட்ட இடங்களைக் கடினப்படுத்த ஆரம்பிச்சாங்க. உங்க ஸ்லைடுல காலிக் கேஸ் வெளிவர்ற ஜன்னலோட மூலைகளை லூப்ல பாருங்க. பேரல் மேல இருக்கிற பூட்டு வரிகளோட விளிம்பு உருண்டிருக்கான்னும் பாருங்க. அம்பது ரவுண்டு தாங்கிச்சுங்கறது அம்பத்தொண்ணாவதுக்குச் சாட்சி இல்ல.

#10 சின்ன_சேலம்

சரி சாமி, பார்க்கிறேன். கூடவே ஒரு சந்தேகம். மாமனார் ஒரு வெப்லி மார்க் 6 வெச்சிருக்கார். அதுல .45 ஏசிபி தோட்டா கிளிப் போட்டு ஓடுது. அது ஓகேதானே?

#11 வேலூர்_ஆர்மரர்

அதைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். 1915-இல் வந்த அந்த ரிவால்வர் .455 தோட்டாவுக்காகப் பிறந்தது, அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 13,000 பவுண்டு. .45 ஏசிபி 21,000 வரை போகும். சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி, இந்தத் தோட்டா நுழையும்படி செய்து விற்றிருக்கிறார்கள். நுழைகிறது என்பதற்காகத் தாங்கும் என்று ஆகாது. தொழிற்சாலையில் ஒரே ஒருமுறை சோதனைக்குச் சுடும் அழுத்தத்தை உங்கள் மாமனார் ஒவ்வொரு தோட்டாவிலும் கொடுக்கிறார்.

ஹேமரை ஏற்றி சிலிண்டரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடுகிறதா, பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது? பேரல் கீழே மடங்கும் கீலும் மேலே இருக்கும் கொக்கியும் தளர்ந்திருந்தால் மூடியபின் வெளிச்சக் கோடு தெரியும். மென்மையாகக் கட்டிய தோட்டா கிடைத்தால் சுடட்டும், இல்லையென்றால் சுவரில் மாட்டட்டும்.

#12 பெட்டிக்கடை_ராஜா

மூணு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

லாக்கிங் பிளாக்கை லூப்ல அரை மணி நேரம் பார்த்தேன், சாயமும் போட்டேன். விரிசல் இல்ல. ரீகாயில் ஸ்பிரிங் ரெண்டுல ஒண்ணு மத்ததை விட நாலு சுருள் அளவுக்குக் குட்டை. ஹேமரைத் தள்ளிப் பார்த்தேன், விழல. பேரல் உள்ள லேசா அரிப்பு, வளையம் இல்ல.

பென்சில்... ட்ரிகர் அழுத்தினப்போ துள்ளிச்சு. சேஃப்டி லீவர்ல முதல் ஆறு தடவை அசையல. ஏழாவது தடவை அரை அங்குலம் எகிறிச்சு. கை நடுங்கிடுச்சுங்க. சனிக்கிழமை நான் கண்டிப்பா அந்த லீவரை அழுத்தியிருப்பேன், பக்கத்துல பையன் நின்னிருப்பான்.

#13 பேர்ண்_குமரன்

ஆறு தரம் பாத்திட்டு "ஓகே" எண்டு விட்டிருந்தால்? பத்து தரம் செய்யச் சொன்னது சும்மா இல்லை.

#14 பழைய_இரும்பு

உருளையை நீங்களே மாத்தாதீங்க. அதைக் கழட்ட மேல் மூடி, ஃபயரிங் பின் எல்லாம் வெளிய வரணும், புது உருளையை அந்த ஸ்லைடுக்குப் பொருத்தணும். பழைய ஜெர்மன் பிஸ்டல் பழகின கன்ஸ்மித்கிட்ட குடுங்க. ஸ்பிரிங் ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. பிளாக்குல விரிசல் இல்லேன்னாலும் அது வேற துப்பாக்கியில இருந்து வந்தது, அதனால சேம்பர் அளவை கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. 9 மிமீ தோட்டா சேம்பர்ல வாய் விளிம்பால உட்கார்றது. 0.754 அங்குல கேஜ் மேல ஸ்லைடு முழுசா மூடணும், 0.776 மேல மூடக் கூடாது.

தோட்டா சாதாரண 115 அல்லது 124 கிரெய்ன் எடைக் குண்டு, முழுக்க உலோக உறை போட்டது. பெட்டியில "ப்ளஸ் பி"ன்னு (அழுத்தம் கூடின தோட்டா) இருந்தா திருப்பிக் குடுங்க. போர்க்காலத் தோட்டா மலிவாக் கிடைக்குதுன்னு யாராவது நீட்டினா வாங்காதீங்க.

அடிக்கடி சுட ஆசைன்னா ஒரு பி1 தேடுங்க. மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்குப் போருக்கப்புறம் செஞ்ச அதே பிஸ்டல், அலுமினிய ஃப்ரேம். 1970கள்ல பிளாக் வந்து மோதுற இடத்துல அறுகோண எஃகுத் தண்டு ஒண்ணு குறுக்க போட்டாங்க, அது இருக்கிறதா பார்த்து வாங்குங்க. பி38-க்குப் பிறந்தநாள், தீபாவளி மட்டும்.

#15 பெட்டிக்கடை_ராஜா

அஞ்சு வாரம் கழிச்சு ரிப்போர்ட்.

புது உருளை, புது ஸ்பிரிங் ஜோடி. கேஜ் சரியா இருந்துச்சு. பென்சிலை இருபது தடவை வெச்சுப் பார்த்தேன், ஜடம் மாதிரி கிடந்துச்சு. மேல் மூடி கொஞ்சம் ஆடுதுன்னு கன்ஸ்மித் அதையும் இறுக்கிக் குடுத்தார். விசாரிச்சதுல வித்தவருக்கே அந்தப் பெருக்கல் குறி பத்தித் தெரியாதாம், அவர்கிட்ட வித்தவன் சொன்ன கதையாம். விடுங்க.

ஆர்மரர் ஐயா சொன்ன "நிறைந்த மேகசின்" பயத்துல, முதல்ல ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டேன். அப்புறம் ரெண்டு. அதுக்கப்புறம் மூணு. ஸ்லைடு ஒழுங்காப் பின்னால நின்னுச்சு, இரட்டையா வெடிக்கல. கடைசியில எட்டு. ஏழு கெஜத்துல எல்லாம் உள்ளங்கை அளவுக்குள்ள, கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி.

யாரும் சொல்லாத ஒண்ணு: இந்த ஊர்த் துப்பாக்கியெல்லாம் காலிக் கேஸை வலது பக்கம் வீசும், இது இடது பக்கம் வீசுது. பக்கத்து லேன்காரர் ரெண்டு தடவை முறைச்சுப் பார்த்தார்.

#16 வேலூர்_ஆர்மரர்

மகிழ்ச்சி தம்பி. காலிக் கேஸ்களை வீசிவிடாதீர்கள். பிரைமரில் விழுந்த குழி நடுவில் இருக்கிறதா, அதன் விளிம்பு தட்டையாகிப் பிதுங்கியிருக்கிறதா, கேஸின் அடிப்பகுதி ஒருபக்கம் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருப்பதில் நாலைத் தேதி எழுதி ஒரு டப்பியில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு நூறு தோட்டாவுக்கும் புதிய கேஸை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாக்கிங் பிளாக்கையும் அப்போதே லூப்பில் பார்த்துவிடுங்கள்.

#17 பெட்டிக்கடை_ராஜா

டப்பி ரெடி ஐயா. குழி நடுவுலதான் இருக்கு, புடைப்பு இல்ல. பதினாலு சுட்டேன், பதிமூணுதான் கிடைச்சுது. மிச்சம் ஒண்ணு அந்த லேன்காரர் சட்டைக்குள்ள போயிருக்கும்னு நினைக்கிறேன். கேட்கத் தைரியம் வரல.